டிக்கெட்டை ஸ்கிரிப்ட் கையாளப் போகிறதா? ஜிரா, கிட்ஹப், கிட்லேப், ரெட்மைன்: எதைத் தேர்ந்தெடுப்பது

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் பராமரிக்கும் குழுவானாலும் சரி, கோலாலம்பூரின் பங்சார் சவுத்தில் கடைகளுக்கு பில்லிங் செயலி செய்து தரும் குழுவானாலும் சரி, புகார்கள் வரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். பாதி வாட்ஸ்அப்பில் வரும், கொஞ்சம் மின்னஞ்சலில் வரும், மீதி கண்காணிப்புக் கருவிகளின் எச்சரிக்கையாக நள்ளிரவில் வரும். இவற்றை ஆள் உட்கார்ந்து டிராக்கரில் (புகார்களைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) வழியாக ஸ்கிரிப்ட்டே, அதாவது தானாக ஓடும் சிறு நிரலே, டிக்கெட் (ஒரு புகாரின் பதிவு) திறக்கட்டும், நிலையை மாற்றட்டும், மூடட்டும் என்று முடிவெடுத்த குழுக்களுக்காக ஜிரா, கிட்ஹப், கிட்லேப், ரெட்மைன் என்ற நான்கு டிராக்கர்களின் இந்த ஒப்பீடு.

திரை அழகு, பலகை வசதி, அறிக்கை வகைகள் பற்றி எழுதப்போவதில்லை. ஸ்கிரிப்ட்டுக்குக் கண் இல்லை. அதற்கு வேண்டியது ஒன்றே: கேட்டது நடந்ததா, நடக்கவில்லையா என்று டிராக்கர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புதிய டிக்கெட் திறப்பது நான்கிலும் எளிது. தலைப்பு, விவரம், திட்டத்தின் பெயர் கொண்ட ஒரு ஜேசானை (நிரல்கள் தரவு பரிமாறும் உரை வடிவம்) போஸ்ட் செய்தால் எண் திரும்பி வரும். இனி வரும் சொற்களில் போஸ்ட் என்றால் அனுப்புவது, கெட் என்றால் கேட்டு வாங்குவது, புட்டும் பேட்சும் இருப்பதைத் திருத்துவது. பதிலோடு வரும் குறியீட்டு எண்ணில் 200 வரிசை வெற்றி, 400, 500 வரிசைகள் பிழை. திறந்த டிக்கெட்டை மாற்றும்போதும், டிராக்கர் மறுக்கும்போதும்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறுப்பதில் நான்கு விதம்

ஜிரா கிளவுடில் நிலை என்பது நேரடியாக மாற்றக்கூடிய புலம் அல்ல. டிக்கெட்டைத் திருத்தும் முகவரிக்கு ஸ்டேட்டஸை அனுப்பினால் ஏற்காது. அந்த டிக்கெட்டில் இந்தக் கணக்குக்கு இப்போது எந்த டிரான்சிஷன்கள் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள்) திறந்திருக்கின்றன என்று முதலில் கெட் செய்து கேட்க வேண்டும். வரும் பட்டியலில் வேண்டியதன் எண்ணை எடுத்து, டிரான்சிஷன் முகவரிக்கு போஸ்ட் செய்ய வேண்டும். ஆக ஒரு மாற்றத்துக்கு இரண்டு அழைப்பு. அந்த எண்ணை ஸ்கிரிப்ட்டிலேயே பதித்துவிட்டால் ஓர் அழைப்பு மிச்சமாகும்தான், ஆனால் யாராவது வேலைப்போக்கை (எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்ற விதிகளை) திருத்திய அன்றே அது உடையும். பெயரைக் கொண்டு தேடி எண்ணை எடுப்பதே நிலைக்கும். மூடும்போது நாம் அனுப்பும் ரெசல்யூஷன் (எப்படித் தீர்ந்தது என்ற குறிப்பு) போன்ற புலம் அந்த டிரான்சிஷனின் திரையில் இல்லையென்றால் 400 பிழை வரும், எந்தப் புலம் இடிக்கிறது என்ற செய்தியும் கூடவே வரும். எழுத எரிச்சலூட்டும் ஏபிஐதான். ஆனால் மறுத்தால் வாய் திறந்து மறுக்கிறது, அதை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ரெட்மைன் இதற்கு நேர் எதிர். 2006 முதல் இருக்கும் திறமூல மென்பொருள், ஏபிஐயும் மிக எளிது: டிக்கெட் எண்ணுள்ள முகவரிக்கு, புதிய நிலையின் எண்ணுடன் ஒரு புட். வெற்றி என்றால் 204, உடலில் எதுவும் இல்லை. சிக்கலும் இங்கேதான். அந்தக் கணக்கின் பொறுப்புக்கு, அந்த டிக்கெட் வகைக்கு, இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்குப் போக வேலைப்போக்கில் அனுமதி இல்லையென்றால் ரெட்மைன் அந்தப் புலத்தை ஓசையில்லாமல் விட்டுவிட்டு மற்றதைச் சேமிக்கும். பதில் அப்போதும் 204தான். குறிப்பு சேர்ந்திருக்கும், நிலை மாறியிருக்காது. வாரக்கணக்கில் யாரும் கவனிக்காமல் நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகள் திறந்தே கிடக்க இது போதும். மருந்து: ஒவ்வொரு புட்டுக்குப் பிறகும் ஒரு கெட், நிலை எண்ணை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும். புதிய பதிப்புகளில் அனுமதிக்கப்பட்ட நிலைகளையும் சேர்த்துக் கேட்கலாம். அது முன்கூட்டியே தெரிந்துகொள்ள உதவும், ஆனால் பின்னால் செய்யும் சோதனைக்கு மாற்று ஆகாது.

கிட்ஹப்பில் நிலை இரண்டே: திறந்தது, மூடியது. பேட்ச் ஒன்று போதும். மூடிய காரணமாக ‘முடிந்தது’ அல்லது ‘செய்யப்போவதில்லை’ என்று குறிக்கலாம். ஓசையில்லாத மறுப்பு இங்கேயும் உண்டு, வேறு இடத்தில். களஞ்சியத்தில் (நிரல் வைக்கும் இடம்) புஷ் உரிமை (நிரலை மாற்றும் அனுமதி) இல்லாத கணக்கு டிக்கெட் திறந்தால், கூட அனுப்பிய பொறுப்பாளர், லேபிள், மைல்ஸ்டோன் எல்லாம் கைவிடப்படும். 201 வரும், டிக்கெட் இருக்கும், யார் பெயரும் அதில் இருக்காது. இங்கே தனி கெட் வேண்டாம். திரும்பி வரும் ஜேசானிலேயே பொறுப்பாளர் பட்டியல் இருக்கிறது, அது காலியா என்று பார்த்தால் போதும்.

கிட்லேப்பில் மூடவும் திறக்கவும் நிலை நிகழ்வு என்றொரு புலத்தை புட் வழியே அனுப்புகிறோம். கவனிக்க வேண்டியது இரண்டு எண்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முழு நிறுவலுக்குமான ஓர் எண்ணும், திட்டத்துக்குள் மட்டும் செல்லும் எண்ணும் உண்டு. முகவரியில் வர வேண்டியது இரண்டாவது. முதலாவதைப் போட்டால் பெரும்பாலும் 404 வரும். அதே எண்ணில் திட்டத்துக்குள் வேறொரு டிக்கெட் இருந்துவிட்டால் அது மூடப்படும், அதுதான் ஆபத்து.

லேபிள், அதிலும் தமிழ் லேபிள்

டிக்கெட்டைத் திருத்தும் பேட்சில் லேபிள் பட்டியலை அனுப்பினால் கிட்ஹப் பழையதை அப்படியே அழித்துப் புதியதை வைக்கும். இரண்டு ஸ்கிரிப்ட்டுகள் ஒரே டிக்கெட்டைத் தொட்டால் ஒன்று மற்றதன் லேபிளைத் தின்றுவிடும். சேர்ப்பதற்கென்று தனி முகவரி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். கிட்லேப்பில் சேர், நீக்கு என்று தனித்தனிப் புலங்கள் உண்டு, ஜிராவிலும் ‘சேர்’ என்று குறித்து அனுப்பலாம். ஜிரா லேபிளில் இடைவெளி கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இல்லாத லேபிளைக் கேட்டால் ஜிரா, கிட்ஹப், கிட்லேப் மூன்றும் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும், பிழை சொல்லாது. தமிழில் லேபிள் வைக்கும் குழுக்களுக்கு இதில் ஒரு தனிக் கண்ணி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் தரும் கணினி முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு சொற்கள். ‘கோ’வின் ஓகாரக் குறியும் இப்படித்தான். விசைப்பலகைக்கு விசைப்பலகை வழக்கம் மாறுவதால் ‘கோளாறு’ என்ற லேபிள் இரண்டு பிறந்துவிடும், வடிகட்டும்போது பாதி டிக்கெட்டுகள் காணாமல் போகும். ஏபிஐக்கு அனுப்பும் முன் எல்லாத் தமிழ் உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) இயல்பாக்குங்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இது ஒரு வரி.

தலைப்பின் நீளமும் இதே வகைச் சிக்கல். ஜிரா, கிட்லேப், ரெட்மைன் 255 குறிகளும் கிட்ஹப் 256 குறிகளும் ஏற்கும். நாம் எண்ணும் எழுத்தும் டிராக்கர் எண்ணும் குறியும் ஒன்றல்ல. ‘பினாங்கு’ நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் 8 குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். அதே சொல்லைத் தேடல் முகவரியில் வைத்தால் ஒவ்வொரு பைட்டையும் மூன்று இடமாக எழுதும் சதவீதக் குறியீட்டால் 72 இடம் பிடிக்கும். வாட்ஸ்அப் செய்தியின் முதல் வரியைத் தலைப்பாக்கும் ஸ்கிரிப்ட்டுகள் 255-இல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கடைசி எழுத்தின் கொம்போ புள்ளியோ உதிரும். எழுத்து எல்லை அறிந்து வெட்டும் நூலகத்தைப் பயன்படுத்தி 200 குறிக்குள் நிறுத்துங்கள், முழு வாசகம் விவரத்தில் போகட்டும். வரி முறிவையும் நீக்கிவிடுங்கள், தலைப்பில் அது இருந்தால் ஜிரா திருப்பி அனுப்பிவிடும்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. பழைய ரெட்மைன் நிறுவல்களில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் எழுத்துக்கு 3 பைட் வரை மட்டும் ஏற்கும் பழைய யூடிஎஃப்-8 அமைப்பில் இருக்கும். தமிழ் 3 பைட், எனவே சிக்கலின்றி ஓடும். வாடிக்கையாளர் ஓர் எமோஜி போட்டால் அது 4 பைட், உடனே 500 பிழை. தரவுத்தளத்தை 4 பைட் அமைப்புக்கு மாற்றும் வரை எமோஜியை வடிகட்டுவதே வழி.

ஒரே புகாருக்கு இரண்டு டிக்கெட்

இணைப்பு நடுவில் அறுந்து ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் வராமல் போகலாம், ஆனால் டிக்கெட் அங்கே உருவாகியிருக்கும். மறுபடி போஸ்ட் செய்தால் இரட்டை. ஆகவே மூலச் செய்தியின் அடையாளத்தை டிக்கெட்டில் ஒரு தனிப் புலத்திலோ லேபிளிலோ வைத்து, மறுமுயற்சிக்கு முன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேட வேண்டும்.

தேடலை எவ்வளவு நம்பலாம் என்பதில் வேறுபாடு பெரிது. ரெட்மைன் பட்டியல் நேரே தரவுத்தளத்தைக் கேட்கிறது, ஒரு விநாடிக்கு முன் பிறந்த டிக்கெட்டும் கிடைக்கும். ஆனால் சொல்லாவிட்டால் திறந்த டிக்கெட்டுகளை மட்டுமே தரும், அதுவும் 25 மட்டும். நிலை வடிகட்டியில் நட்சத்திரக் குறி போட்டு, வரம்பை அதிகபட்சமான 100 ஆக்க வேண்டும். ஜிராவின் தேடல் குறியீட்டுப் பட்டியல் சற்றுப் பின்தங்கலாம். சில விநாடிகளில் மறுமுயற்சி செய்யும் ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்ற பதிலை நம்பி இரண்டாவதைத் திறந்துவிடும். கிட்ஹப்பிலும் தேடல் முகவரி இப்படித்தான், லேபிள் கொடுத்துப் பட்டியல் கேட்பது பாதுகாப்பு. அந்தப் பட்டியலில் புல் ரிக்வெஸ்ட்டுகளும் (நிரல் மாற்றக் கோரிக்கைகள்) கலந்து வரும், தனியாகக் கழிக்க வேண்டும். எந்த டிராக்கரானாலும் எங்கள் பரிந்துரை ஒன்றே: மூல அடையாளத்துக்கும் டிக்கெட் எண்ணுக்கும் உங்கள் பக்கத்திலேயே ஒரு சிறு அட்டவணை வையுங்கள். ஒரு எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) கோப்பு போதும்.

ஜிராவின் பழைய தேடல் முகவரியைக் கொண்டு எழுதிய மாதிரி நிரல்கள் இணையத்தில் இன்னும் நிறைய கிடக்கின்றன. புதிய முகவரி பக்க எண்ணுக்குப் பதில் அடுத்த பக்க டோக்கன் தருகிறது, மொத்த எண்ணிக்கை தராது. எந்தப் புலங்கள் வேண்டும் என்று கேட்காவிட்டால் எண் மட்டுமே வரும். மூன்றாம் பதிப்பு ஏபிஐயில் விவரமும் கருத்தும் வெறும் உரையாக ஏற்கப்படாது, ஜிராவின் நிறுவனமான அட்லாசியனின் ஆவண வடிவத்தில் ஜேசானாகக் கட்ட வேண்டும். படிவத்திலிருந்து வரும் எளிய உரைக்கு இரண்டாம் பதிப்பே போதும். தனிப்பயன் புலங்களின் எண் தளத்துக்குத் தளம் மாறும், பொறுப்பாளரைப் பயனர் பெயரால் அல்லாமல் கணக்கு அடையாளத்தால் குறிக்க வேண்டும். ஆகவே சோதனைத் தளத்தில் ஓடிய ஸ்கிரிப்ட்டை அப்படியே நகலெடுக்க முடியாது.

எட்டு மணி நேரமும் கெடா வெள்ளிக்கிழமையும்

மலேசியா யூடிசி எனும் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கோடைகால மாற்றம் கிடையாது என்பதால் கணக்கு எளிது என்று தோன்றும். காலை 7 மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட் யூடிசி தேதியை எடுத்தால் அங்கே இன்னும் நேற்று. கெடு தேதி ஒரு நாள் முன்னதாக விழும். ஜிராவின் தேடல் மொழியில் எழுதும் நேரம், டோக்கனுக்குரிய (ஸ்கிரிப்ட் உள்ளே நுழையும் சாவிக்குரிய) பயனரின் நேர மண்டலத்தில் படிக்கப்படும். அந்தக் கணக்கு யூடிசியில் இருக்க, ஸ்கிரிப்ட் கோலாலம்பூர் நேரப்படி ‘10 மணிக்குப் பின் மாறியவை’ என்று கேட்டால், உண்மையில் மாலை 6 மணிக்குப் பின் மாறியவற்றைக் கேட்கிறது. நாள் முழுதும் காலிப் பட்டியல்தான் வரும், பிழை வராது. ‘கடந்த 15 நிமிடம்’ என்று சார்பு நேரத்தில் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் 15 நிமிடம் பின்னோக்கிக் கேட்கட்டும். ஒன்றையே இருமுறை பார்த்தால் மேலே சொன்ன அட்டவணை தடுத்துவிடும்.

வேலை நாள் கணக்கை எந்த டிராக்கரும் தானாகச் சரியாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பினாங்கிலிருந்து பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கூலிம் ஹைடெக் பார்க், ஆனால் அது கெடா மாநிலம். அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம் கோலாலம்பூருக்கு விடுமுறை, பினாங்குக்கு இல்லை. ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம் பினாங்குக்கு மட்டும். வாடிக்கையாளர் எந்த மாநிலம் என்பதை ஒரு புலமாக வைத்து, விடுமுறைப் பட்டியலை உங்கள் பக்கம் வைத்துக் கணக்கிட்ட தேதியை அனுப்புங்கள்.

பழைய டிக்கெட்டுகளைக் கொண்டுபோவது

3,000 பழைய டிக்கெட்டுகளை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். கிட்ஹப் மணிக்கு 5,000 அழைப்பு அனுமதித்தாலும், உள்ளடக்கம் உருவாக்கும் அழைப்புகளுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500 என்ற தனி வரம்பு உண்டு. டிக்கெட்டுக்கு மட்டும் குறைந்தது 6 மணி நேரம், கருத்துகள் தனி. ஜிராவில் ஒரே அழைப்பில் 50 டிக்கெட் திறக்கலாம், 60 அழைப்பில் முடிந்துவிடும். ரெட்மைனில் ஒவ்வொன்றாகத்தான், வேகம் உங்கள் சர்வரின் வேகம். ஓட்டும் முன் நிர்வாகப் பக்கத்தில் மின்னஞ்சல் அறிவிப்புகளை அணைக்க மறந்தால் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் மடல் மழை. கிட்ஹப்புக்குக் கொண்டுபோகும் பழைய கருத்துகளில் அட் குறியுடன் பெயர்கள் இருந்தால் அந்தப் பெயரில் உலகில் எங்கோ இருக்கும் அந்நியருக்கு அறிவிப்பு போகும். அட் குறியை முதலிலேயே நீக்குங்கள். உருவான தேதியைப் பழையபடி காட்ட கிட்லேப்பில் உரிமையாளர் டோக்கன் இருந்தால் முடியும். வழக்கமான ஏபிஐ வழியாக மற்ற மூன்றிலும் முடியாது, ஜிராவில் சிஎஸ்வி இறக்குமதி வழியாகச் செய்யலாம்.

வெப்ஹூக், டோக்கன், பணம்

தொழிற்சாலை வலைக்குள் இருக்கும் சர்வருக்கு வெளியிலிருந்து வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் டிராக்கரே அனுப்பும் அறிவிப்பு) வர ஃபயர்வால் விடாது. அங்கே இடைவெளி விட்டுக் கேட்பதே வழி. வெளியே திறந்த சர்வர் இருந்தால் வெப்ஹூக் நல்லது, ஆனால் கிட்ஹப் 10 விநாடிக்குள் பதில் எதிர்பார்க்கும், தோற்றதைத் தானாக மறுபடி அனுப்பாது. வந்ததை வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லுங்கள், கையொப்பத்தைச் சரிபார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள். கிட்லேப்பில் தொடர்ந்து தோற்கும் வெப்ஹூக் தானாக முடக்கப்படும்.

ஜிரா டோக்கன் ஓராண்டுக்குள் காலாவதியாகும், கிட்லேப்பின் தனிநபர் டோக்கனும் அப்படியே முடிவு தேதி உள்ளது. காலாவதிக்கு 30 நாள் முன்பு ஸ்கிரிப்ட்டே தனக்கு ஒரு டிக்கெட் திறக்கும்படி செய்துவிடுங்கள். ரெட்மைன் சாவி காலாவதியாகாது. வசதிதான், ஆனால் வேலையை விட்டுப் போனவரின் சாவியும் கணக்கை முடக்கும் வரை திறக்கும். அதை முகவரியில் ஒட்டி அனுப்பும் வழியும் உண்டு, அது சர்வர் பதிவேடுகளில் தங்கிவிடும். ஹெடரில் மட்டும் அனுப்புங்கள்.

ஜிரா 10 பேர் வரை இலவசம். சாதாரணப் பயனர் கணக்கையே ஸ்கிரிப்ட்டுக்கு ஒதுக்கினால் அதுவும் பத்தில் ஒன்று. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடு என்பதையும் ரிங்கிட் கணக்கில் சேருங்கள். ரெட்மைன் 2 ஜிபி நினைவகமுள்ள சிறு சர்வரில் ஓடும், கிட்லேப் அதைவிடப் பல மடங்கு கேட்கும். டிக்கெட்டில் வாடிக்கையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தால் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 2024 திருத்தத்துக்குப் பிறகு தரவுக் கசிவை ஆணையருக்கு அறிவிப்பது கடமை. தொலைபேசி எண் டிராக்கருக்குப் போகாமல் உள் அட்டவணையிலேயே இருப்பது மேல்.

எங்கள் தேர்வு

ஒப்புதல் படிகள் உள்ள வேலை, நிரலாளர் அல்லாதவர்களும் டிக்கெட் நகர்த்துகிறார்கள், தவறான நகர்வை டிராக்கரே தடுக்க வேண்டும் என்றால் ஜிரா. முதல் ஸ்கிரிப்ட்டுக்கு மற்றவற்றைவிட இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். நிரல் கிட்ஹப்பில் இருக்கிறது, டிக்கெட் பெரும்பாலும் நிரல் கோளாறு, நிலை இரண்டே போதும் என்றால் அங்கேயே இருங்கள், இன்னொரு கருவி வேண்டாம். ‘தரவு எங்கள் கட்டடத்தை விட்டு வெளியேறக் கூடாது’ என்று தொழிற்சாலை வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் நிரலும் டிக்கெட்டும் சேர்ந்தே வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமென்றால் கிட்லேப், டிக்கெட் மட்டும் என்றால் ரெட்மைன். ஜிராவின் பழைய சர்வர் பதிப்பை வைத்தே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதன் ஆதரவு 2024 பிப்ரவரி 15-இல் முடிந்துவிட்டது. ஆறேழு பேர் கொண்ட ஆதரவுக் குழுவுக்கு, சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கும் பட்சத்தில், ரெட்மைனையே நாங்கள் முதலில் சொல்வோம். எளிய ஏபிஐ, உடனடித் தேடல், அழைப்பு வரம்பு இல்லை. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பேன் என்ற ஒழுங்கு இல்லாத குழுவுக்கு அதைச் சொல்லமாட்டோம்.

முடிவெடுக்கும் முன் தேர்ந்த டிராக்கரில் ஒரு மதிய நேரம் இவற்றை ஓட்டிப் பாருங்கள். ஒகரம் இரண்டு வழியிலும் எழுதிய இரண்டு லேபிள்களுடன், எமோஜி கொண்ட 300 குறித் தமிழ்த் தலைப்பில் ஒரு டிக்கெட். உரிமை குறைந்த கணக்கிலிருந்து பொறுப்பாளரைக் குறித்து இன்னொன்று. அதே கணக்கால், அனுமதியில்லாத நிலைக்கு ஒரு மாற்றம். ஒரே அடையாளத்துடன் இரண்டு விநாடி இடைவெளியில் தேடலும் போஸ்ட்டும் இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் வந்த குறியீட்டு எண்ணை ஒரு பக்கமும், திரையில் உண்மையில் நடந்ததை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வரிகள்தான் உங்கள் ஸ்கிரிப்ட்டில் கூடுதல் சோதனை வைக்க வேண்டிய இடங்கள்.